தொலைமேசைக் கிளையண்டைத் தெரிந்தெடுக்கும் முறை

ஏரி நிறைந்து ததும்பினும், மதகும் வாய்க்காலும் செவ்வனே அமையாவிடின் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். மதுராந்தகம் ஏரியின்கீழ்ப் பயிரிடுவார்க்கு இதனை ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இக்காலத்து நிறுவப்பெறும் பெருங்கணினிகளுக்கும் இவ்வுண்மை முற்றும் பொருந்தும். நிலையத்தில் வைத்த கணினி எத்துணை ஆற்றலுடையதாயினும், அதன் பயன் வீட்டிலிருப்பவன் கைக்கு எட்டுவது அவன் முன்னுள்ள ஒரு சிறு மென்பொருளின் வாயிலாகவேயாம். அதனையே கணினி நூலார் கிளையண்ட் என்பர். சர்வரைப் பற்றிப் பல நாள் ஆலோசித்துப் பெரும்பொருள் செலவிடுவோர், கிளையண்டைத் தெரிவதற்கு ஒரு பொழுதேனும் செலவிடாமை பலவிடத்தும் காணப்படும் குறையாகும். ஆதலின், அதனைத் தெரிந்தெடுக்கும் முறையை நம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். மாமல்லபுரத்திற்கு வடக்கே தேவனேரிக் கடற்கரையில் வாழும் ஒரு மாணவியை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவளுடைய கல்லூரி செங்கற்பட்டில் உள்ளது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் வழி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அவள் பாடத்திற்கு வேண்டிய கணக்கியல் மென்பொருளும் புள்ளியியல் மென்பொருளும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மட்டுமே உள்ளன. வீட்டில் இருப்பது பழைய மடிக்கணினி ஒன்று. இணையமோ தமையனது கைப்பேசியிலிருந்து பகிர்ந்து பெறுவது. விடுமுறை நாளில் ஒரு பயிற்சிக் கணக்கை முடிக்க அவள் பேருந்தேறிச் செல்ல வேண்டுமா, அன்றி வீட்டிலிருந்தே முடிக்கலாமா என்பதே நம் முன்னுள்ள வினா.

தொலைமேசை யாது?

ரிமோட் டெஸ்க்டாப் என வழங்கும் தொலைமேசை முறையில், மென்பொருள் இயங்குவது சர்வரில். அதன் காட்சி தோன்றுவது பயனர் திரையில். பயனர் ஒரு விசையை அழுத்தினால் அச்செய்தி சர்வருக்குச் செல்லும். சர்வர் அதற்கேற்பத் தன் காட்சியை மாற்றி, மாறிய பகுதியை மட்டும் படமாகத் திருப்பியனுப்பும். கிளையண்ட் அப்படத்தை விரித்துக் காட்டும். கணக்கும் கோப்பும் சர்வரிலேயே தங்கும்.

படத்தை அனுப்புவதுதானே எனச் சிலர் எளிதாகக் கருதக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள. புள்ளியொன்றுக்கு 4 பைட் எனக் கொண்டால், ஒரு படத்திற்கு 82,94,400 பைட். நொடிக்கு 30 படம் அனுப்பின் 24,88,32,000 பைட். அஃதாவது, நொடிக்கு ஏறத்தாழ 2 ஜிகாபிட். தேவனேரியிலுள்ள கைப்பேசி இணைப்பு இதனைத் தாங்குமோ? தாங்காது. ஆகவே மாறாத பகுதியை விடுத்து, மாறியதை மட்டும் சுருக்கி அனுப்பும் நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. அந்நெறிமுறையை அறிந்து, சுருங்கியதைப் பழுதின்றி விரிப்பதே கிளையண்டின் தலையாய தொழில்.

ஈண்டு ஒரு வேற்றுமையையும் குறித்தல் நன்று. ஒருவர் தம் கணினியில் நேர்ந்த பழுதைப் பிறர் தொலைவிலிருந்து பார்த்துத் திருத்துவதற்குரிய மென்பொருள்களும் உள. கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் தலைமையகம் கொண்ட ஜோஹோ நிறுவனத்தாரின் ஜோஹோ அசிஸ்ட் அவ்வகையினது. அவை உதவி செய்தற்கு உரியன. பலர்க்கு ஒரே காலத்தில் மென்பொருளை வழங்குதல் வேறு தொழிலாதலின், இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கலாகாது.

வரலாற்றுச் சுருக்கம்

ஓரிடத்துக் கணினியின் காட்சியை வேறிடத்திற் காட்டும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. கல்விக் கழகத்தில் 1984ஆம் ஆண்டு எக்ஸ் விண்டோ முறை தோன்றியது. 1989இல் தொடங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனத்தார், பலர் ஒருங்கே பயன்படுத்தத்தக்க வின்பிரேம் என்பதனை 1995இல் வெளியிட்டனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டனர், ஆர்.டி.பி. என்னும் அவர்தம் நெறிமுறை அதனோடு வழக்கிற்கு வந்தது. அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து வி.என்.சி. வெளிப்போந்தது. 2008ஆம் ஆண்டு விண்டோஸ் சர்வரில் ரிமோட்ஆப் என்னும் வசதி சேர்ந்தது. முழுமேசையையும் காட்டாது, வேண்டிய ஒரு மென்பொருளின் சாளரத்தை மட்டும் பயனர் திரையில் அவர் சொந்த மென்பொருள்போல் தோன்றச் செய்வது இதன் சிறப்பு.

நம் மாவட்டத்தார் இதனை நேரிற் கண்டது 2020ஆம் ஆண்டிலாம். செங்கற்பட்டு தனி மாவட்டமாகி நான்கு மாதமும் நிரம்பாத நிலையில், அவ்வாண்டு மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிகழ்ந்தது. சிறுசேரி சிப்காட் வளாகத்து அலுவலகங்கள் வெறிச்சோடின. ஆயின் பணி நின்றிலது. அங்கே பெரு வளாகம் கொண்ட டி.சி.எஸ். நிறுவனம், உலகெங்கும் நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட தன் ஊழியருள் மிகப் பெரும்பாலோரைச் சில கிழமைக்குள் வீட்டிலிருந்து பணியாற்றச் செய்து, அவ்வேற்பாட்டிற்குச் செக்யூர் பார்டர்லெஸ் வொர்க்ஸ்பேசஸ் எனப் பெயரிட்டது. முன்னர் இத்தகைய பணிக்குத் தடையாயிருந்த தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் மார்ச்சு மாதத்தில் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டு, நவம்பர் 5ஆம் நாள் வெளியான புதிய வழிகாட்டுதல்களால் பெரிதும் எளிமையாயின. பெருநிறுவனங்கள் பொருளும் ஆளும் கொண்டு இதனை முடித்தன. அவ்விரண்டும் சுருங்கிய கல்லூரி யாது செய்தல் வேண்டும் என்பதே நாம் சிந்திக்கற்பாலது.

கிளையண்டின் வகைகள்

இப்போது வழங்கும் கிளையண்டுகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நிறுவனத்தாரே தம் சர்வருக்கென ஆக்கியளிப்பவை. விண்டோஸில் உடனமைந்துள்ள ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஆப், சிட்ரிக்ஸ் வொர்க்ஸ்பேஸ் ஆப், ஆம்னிசா ஹொரைசன் கிளையண்ட் ஆகியன இவ்வகையின. ஒலி, அச்சுப்பொறி, இரண்டு திரை முதலிய வசதிகள் இவற்றில் நிறைவாக அமைந்துள்ளன. ஆயின் கணினியில் நிறுவுதலும் காலந்தோறும் புதுப்பித்தலும் பயனர் பொறுப்பாகும்.

இரண்டாவது, பொதுநலங் கருதிப் பலர் கூடியாக்கிய கட்டற்ற மென்பொருள்கள். ஆர்.டி.பி. நெறிமுறையின் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டிருத்தலின், ஃப்ரீஆர்டிபி என்பதும் அதனை அடிப்படையாகக் கொண்டு லினக்ஸில் இயங்கும் ரெம்மினாவும் தோன்றின. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் முதலாக, டெபியன் மரபில் வந்த இயங்குதளங்களில் இவற்றை விலையின்றிப் பெறலாம்.

மூன்றாவது, உலாவியையே வாயிலாகக் கொள்வது. அப்பாச்சி குவாக்கமோலி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சர்வர் பக்கத்தில் நிற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளன் ஆர்.டி.பி.யையும் வி.என்.சி.யையும் உலாவிக்கு விளங்கும் வடிவாக மாற்றித் தருவான். பயனர் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. முகவரியும் கடவுச்சொல்லும் போதும். குறையும் உண்டு. சில விசைச் சேர்க்கைகளை உலாவி தனக்கென எடுத்துக்கொள்ளும். சாளரத்தை மூடும் எண்ணத்தோடு கண்ட்ரோலையும் டபிள்யூவையும் ஒருங்கழுத்தினால், தொலைவிலுள்ள சாளரம் மூடாது உலாவியின் தாளே மூடிப்போதல் கூடும். அச்சிட விரும்பின், பி.டி.எஃப். கோப்பாக இறக்கிக்கொண்டு பின்னர் அச்சிடல் வேண்டும்.

ஆராயத்தக்க ஆறு

அ. பயனரின் கணினி. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் கணினி பெற்ற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் பல. அவற்றுள் பழையன விண்டோஸ் 11ஐ ஏற்கமாட்டா. விண்டோஸ் 10இன் பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. அத்தகைய கணினி குப்பைக்கே உரியதென எண்ணற்க. கணிப்பெல்லாம் சர்வரில் நிகழ்தலின், படத்தை விரிக்கும் ஆற்றல் இருந்தாற் போதும். லினக்ஸை நிறுவினால் அதே கணினி இன்னும் சில ஆண்டு உழைக்கும். விண்டோஸுக்கு மட்டுமே உரிய கிளையண்டைக் கல்லூரி தெரிந்தெடுக்குமாயின், இம்மாணவர்க்கெல்லாம் கதவடைத்ததாகும்.

ஆ. இணைப்பு. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே சென்று மீள 0.3 மில்லிசெகண்டே போதும். மும்பையில் வைத்த சர்வராயின் நேர்வழிக்கே 10 மில்லிசெகண்ட் வேண்டும். கம்பி நேரே செல்லாமையாலும் இடைநிலையங்களாலும் உண்மையில் இன்னும் மிகும். நூறு மில்லிசெகண்டை அணுகும்போது, எழுத்து பின்தங்கி வருவதை விரல் உணரத் தொடங்கும். கடற்கரைச் சிற்றூர்களில் தூரத்தைவிடத் தொல்லை தருவது, காற்றில் வரும் இணைப்பில் செய்தித் துணுக்குகள் இடையிடையே தொலைந்துபோதல். டி.சி.பி. முறையில் தொலைந்த துணுக்கு வந்து சேருங்காறும் பின்னவை காத்து நிற்கும், யு.டி.பி. முறையில் அவ்வாறு காத்திருத்தல் இல்லை. ஆர்.டி.பி. நெறிமுறையில் 2012 முதல் யு.டி.பி.க்கும் இடமுண்டு. கிளையண்ட் இதனை ஏற்கின்றதா என வினவுக.

இ. தமிழ் எழுத்து. பிறநாட்டு நூல்கள் பெரும்பாலும் கூறாது விடுவது இது, நமக்கோ இன்றியமையாதது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டினையொட்டித் தமிழ்99 விசைப்பலகை பொதுமுறையாயிற்று. தொலைமேசையில் விசை செல்லும் வழி இரண்டு. விசையின் எண் மட்டும் செல்லும் முறையில், அவ்விசை எவ்வெழுத்தென்பதைச் சர்வரின் விசைப்பலகை அமைப்பே முடிவு செய்யும். எழுத்தாகவே செல்லும் முறையில் பயனர் கணினியின் அமைப்பு முடிவு செய்யும். முன்னதில் தமிழ்99ஐச் சர்வரில் அமையாது விட்டால், மாணவி தமிழில் அடித்தது ஆங்கில எழுத்துக் கோவையாய்த் தோன்றும். இனி, எழுத்துருவும் சர்வரில் இருத்தல் வேண்டும். இல்லையேல் எழுத்துக்கு மாறாகக் கட்டங்களே காணப்படும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ என்னும் ஐந்தையும் அடித்துப் பார்க்காமல் எக்கிளையண்டையும் ஏற்றுக்கொள்ளல் தகாது.

ஈ. அமர்வு நிலைத்தல். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தபோது, மரங்கள் வீழ்ந்தன, மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நாளில் மட்டுமன்று, சாதாரண மழை நாளிலும் இணைப்பு அறுதல் நம் கரையில் இயல்பு. இணைப்பு அற்றாலும் சர்வரில் வேலை நின்றவாறே இருத்தலும், மீண்டும் புகுந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடர்தலும் தொலைமேசையின் பெருநன்மைகளாம். இதற்குக் கிளையண்ட் தானே மீளிணையும் திறமுடையதாயிருத்தல் வேண்டும். சர்வர் பொறுப்பாளரும் அறுந்த அமர்வை உடனே கலைத்துவிடாது போதிய நேரம் காத்தருளல் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினும் இரண்டு மணி நேர உழைப்பு ஒரு நொடியில் மறைந்துபோம்.

உ. காவல். ஆர்.டி.பி. வழக்கமாக 3389ஆம் எண்ணுடைய வாயிலில் காத்திருக்கும். அதனை இணையத்திற்கு நேரே திறந்து வைத்தல், கருவூலக் கதவைத் தெருவுக்குத் திறந்து வைப்பதனோடொக்கும். 2019 மே மாதத்தில் புளூகீப் என்னும் பெருங்குறை வெளிப்பட்டபோது, 2014இலேயே ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது என்பதால் அதன் கொடுமை விளங்கும். ஆகவே, கேட்வே என்னும் காவல்நிலையம் ஒன்றை இடையே நிறுத்தி, கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்டல் வேண்டும். கிளையண்ட் சர்வரின் சான்றிதழைச் சரிபார்த்து, பொருந்தாவிடின் எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையைப் படியாது ‘ஆம்’ என அழுத்தும் பழக்கத்தை மாணவர் விடுதல் வேண்டும். நகலெடுத்து ஒட்டுதல், வட்டினைப் பகிர்தல் ஆகிய வசதிகளையும் தேவையறிந்தே திறக்க. பாடப் பயிற்சிக்கு அவை நலம். வினாத்தாள் தயாராகும் கணினியில் அவை கேடு.

ஊ. நெடுங்கால வாழ்வும் செலவும். இத்துறையில் பெயர் நிலைப்பதில்லை. சிட்ரிக்ஸ் ரிசீவர் 2018இல் வொர்க்ஸ்பேஸ் ஆப் ஆயிற்று. வி.எம்.வேர் ஹொரைசன் 2024இல் ஆம்னிசாவின் உடைமையாயிற்று. மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் விண்டோஸ் ஆப்பை வெளியிட்டு, தன் கடையில் வழங்கிய பழைய ரிமோட் டெஸ்க்டாப் ஆப்பின் ஆதரவை 2025 மே 27இல் நிறுத்தியது. ஆதலின் பெயரைத் தெரியாது நெறிமுறையைத் தெரிக; பல கிளையண்டுகள் பேசும் நெறிமுறையைக் கொண்டோர்க்கு ஒன்று மறையினும் மற்றொன்று உண்டு. கிளையண்ட் இலவசமாயிருத்தல் கண்டு செலவில்லையெனக் கருதுதலும் பிழை. சாதாரண விண்டோஸ் கணினியில் ஒரு நேரத்தில் ஒருவரே அமரலாம். பலர் அமர வேண்டின் விண்டோஸ் சர்வரும், ஆளுக்கோ கருவிக்கோ தனித்தனி உரிமமும் பெறல் வேண்டும். மென்பொருளின் சொந்த உரிமம் தொலைவழிப் பயன்பாட்டை அனுமதிக்கின்றதா என்பதும் காண்க.

சோதிக்கும் முறை

கேட்டறிதல் மட்டும் போதாது. செய்து காண்டல் வேண்டும். சோதனையை ஆய்வுக்கூடத்துப் புதுக்கணினியில், உயர்ந்த இணைப்பில் நிகழ்த்துவது பெரும்பாலோர் வழக்கம். அங்கே எல்லாக் கிளையண்டும் நன்றாகவே தோன்றும். ஆதலின் அச்சோதனையால் பயனில்லை. மாறாக, மாணவரிடத்துள்ள கணினிகளுள் மிகப் பழையதொன்றை இரவல் பெறுக. கைப்பேசி இணைப்போடு அதனைக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிற்கு எடுத்துச் சென்று, மாலையில் பலரும் இணையம் பயன்படுத்தும் வேளையில் ஒரு மணி நேரம் அமர்க. உண்மையான பாட வேலை ஒன்றைத் தொடங்கி முடிக்க. முற்கூறிய ஐந்தெழுத்தையும் அடிக்க. ஒரு பக்கத்தை அச்சிடுக. இடையே இணைப்பை இரண்டு நிமிடம் வேண்டுமென்றே அறுத்து, மீண்டும் புகுந்து, விட்ட இடத்தில் வேலை நிற்கின்றதா எனக் காண்க. இறுதியாக, கணினிப் பழக்கம் குறைந்த ஒருவரிடம் கொடுத்து, அவர் துணையின்றி உள்ளே புக எத்தனை நிமிடமாகின்றது எனக் குறிக்க. இவ்வாறு இரண்டு அல்லது மூன்று கிளையண்டுகளைச் சோதித்து ஒரே தாளில் எழுதி வைத்தால், விளம்பரங்கள் பத்தினும் அத்தாள் சிறந்த வழிகாட்டியாகும்.

எமது துணிபு

நம் பகுதியிலுள்ள நடுத்தரக் கல்லூரி ஒன்றிற்கு ஆர்.டி.பி. நெறிமுறையே பொருத்தமெனத் துணிகின்றோம். அதற்கு வாயில் இரண்டு வைக்க. எவர்க்கும் பொதுவாயிலாக உலாவி வழியான குவாக்கமோலி அமைக. பிறர் கணினியிலும் கைப்பேசியிலும் அது பயன்படும். நெடுநேரம் வேலை செய்வோர்க்கு, விண்டோஸில் அதனோடமைந்த கிளையண்டும் லினக்ஸில் ரெம்மினாவும், கேட்வேயின் காவலோடு இரண்டாம் வாயிலாகுக. ஆயிரக்கணக்கான ஊழியரையும் தனித் தொழில்நுட்பக் குழுவையும் உடைய நிறுவனங்களுக்குச் சிட்ரிக்ஸ், ஹொரைசன் முதலியவற்றின் மேலாண்மை வசதிகள் அவற்றின் விலைக்குத் தகுதியுடையனவாகலாம். நமக்கு அச்செலவு வேண்டுவதில்லை. தொடக்க மாணவர்க்கு முழுமேசையைக் காட்டாது, வேண்டிய மென்பொருளின் சாளரம் ஒன்றை மட்டும் காட்டுதல் மயக்கத்தைக் குறைக்கும்.

சிறந்த கணினியும் சிறந்த இணைப்பும் உடையவனுக்கு எக்கிளையண்டும் போதும். தெரிந்தெடுத்தலில் உண்டாகும் நன்மையும் தீமையும் கடைமடையிலுள்ளவர்க்கே உரியன. தேவனேரி மாணவி தன் பழைய கணினியில், பகிர்ந்து பெற்ற இணைப்பில், தன் மொழியெழுத்துப் பிறழாது, மழையில் ஒருமுறை இணைப்பு அற்றும் வேலை கெடாது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் தன் கணக்கை முடித்துவிட்டாளாயின், மற்றெல்லார்க்கும் அக்கிளையண்ட் போதியதேயாம். அவளால் இயலவில்லையாயின், செங்கற்பட்டில் நாம் நிறுவிய சர்வர் எத்துணைப் பெரிதாயினும் அது நிறைந்தும் மதகு திறவாத ஏரியேயாகும். இவ்வாண்டு நம் கணினித்துறை மாணவர் நால்வர் ஐவர் கூடி மேற்கூறிய சோதனையை ஒருமுறை செய்து, கண்டதைக் கண்டவாறே எழுதி அடுத்த மலருக்கு அளிப்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை யாம் எய்தியவராவோம்.